விளக்கைக் கேளுங்கள், வேலியைக் கேட்காதீர்கள்

தொலைக்காட்சி அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



இன்றைய அரங்கின் பொருள் பூங்கா. பூங்கா, விளையாட்டுத் திடல், நீச்சல் குளம், புளோக் கீழ்த்தளம், மூத்தோர் உடற்பயிற்சி மூலை என்று வேலை முடிந்து மனிதர் மூச்சுவிடப் போகும் எல்லா இடங்களும் இதில் அடங்கும். அவற்றைப் பற்றிக் குடியிருப்பாளர்கள் சொல்லும் குறைகளும் அடங்கும்.

தலைப்பைக் கேட்டதும் சிலர் புருவத்தை உயர்த்தலாம். சிங்கப்பூரில் பூங்காவுக்குப் பஞ்சமா? 2030ஆம் ஆண்டுக்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பத்து நிமிட நடையில் ஒரு பூங்கா இருக்க வேண்டும் என்று அரசாங்கமே பசுமைத் திட்டத்தில் இலக்கு வைத்திருக்கிறது. அப்புறம் என்ன குறை என்று கேட்கலாம். நடக்கும் தூரத்தில் பூங்கா இருப்பது ஒரு விஷயம். அங்கே போய் உட்கார மனம் வருவது வேறொரு விஷயம்.

தேக்காவையும் ஜாலான் புசாரையும் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை. ரேஸ்கோர்ஸ் ரோட்டுப் பக்கத்துப் புல்வெளியில் இளைஞர்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் கையில் கைத்தொலைபேசி. திரையில் அறந்தாங்கியிலோ கள்ளக்குறிச்சியிலோ இருக்கும் அவருடைய குழந்தையின் முகம். இன்னொருவர் பொட்டலத்தைப் பிரித்துச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பார். வாரம் முழுக்கக் கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைத்தவர்களுக்குக் கிடைத்த ஒரே மாலை அது.

அதே நேரத்தில், எதிர்ப் புளோக்கின் ஐந்தாவது மாடியில் ஒரு பாட்டி சன்னலோரம் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே இறங்கி உடற்பயிற்சி மூலையில் பத்து நிமிடம் கால் மிதிக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கூட்டத்தைப் பார்க்கிறார். தயங்குகிறார். 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று உள்ளே போய்விடுகிறார்.

இந்தப் பாட்டிக்கும் அந்த இளைஞருக்கும் தாய்மொழி ஒன்றுதான். பக்கத்தில் உட்கார்ந்து ஊர்ப்பெயரைச் சொன்னால் உறவுமுறைகூட வந்துவிடும். ஆனால் நம் வட்டாரத்தில் ஒருவர் குறை சொல்பவராகவும் மற்றவர் குறையாகச் சொல்லப்படுபவராகவும் ஆகிவிட்டார்கள். இது எப்படி நடந்தது, இதிலிருந்து மீள வழி என்ன என்பதுதான் இன்றைய பேச்சு.

ஊருக்கே விளையாட்டிடம்

முதலில் கொஞ்சம் பழைய கதை. 'ஜாலான் புசார்' என்றால் மலாயில் பெரிய சாலை. ஒரு காலத்தில் சுற்றிலும் சதுப்பு நிலம். ஆனால் சிங்கப்பூரில் கேளிக்கை, விளையாட்டு என்று பேச்சு வந்தால் இந்த வட்டாரத்தை விட்டுவிட்டுப் பேசவே முடியாது.

இன்று ஃபேரர் பார்க் என்று சொல்லும் இடத்தில்தான் 1840களில் குதிரைப் பந்தயத் திடல் அமைந்தது. ரேஸ்கோர்ஸ் ரோடு என்ற பெயர் அதனால்தான் வந்தது. 1911ஆம் ஆண்டு மார்ச் மாதம் சிங்கப்பூரில் முதன்முதலாக விமானம் ஒன்று பறந்ததும் அந்தத் திடலிலிருந்துதான். 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு மாறிப் போனது. திடல் பொதுமக்களுக்கான விளையாட்டிடம் ஆனது. 1942 பிப்ரவரியில், சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்த இரண்டாம் நாள், பிரிட்டிஷ் படையிலிருந்த சுமார் 45,000 இந்திய வீரர்கள் கொண்டுவந்து நிறுத்தப்பட்டதும் இதே புல்வெளியில்தான். இந்திய தேசிய ராணுவத்தின் கதை அங்கே தொடங்குகிறது.

ஜாலான் புசாரும் கிச்சனர் ரோடும் சேரும் இடத்தில் 1923இல் 'நியூ வோர்ல்ட்' கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. நாடகம், குத்துச்சண்டை, நடனம், சினிமா என்று ஊரே திரண்டு வந்த இடம். 1987இல் அது மூடப்பட்டது. 2009இல் அங்கே சிட்டி ஸ்குவேர் பேரங்காடி வந்தது. பக்கத்தில் ஒரு சிறு பூங்காவும் இருக்கிறது. பழைய நுழைவாயிலின் நினைவை மட்டும் அங்கே காணலாம்.

1929இல் ஜாலான் புசார் விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. மலாயாக் கிண்ணக் காற்பந்தாட்டம் நடந்த அரங்கம். சிங்கப்பூர்க் காற்பந்து பிறந்த இடம் என்றே அதைச் சொல்வார்கள். புதுப்பித்துக் கட்டப்பட்டு 2003இல் மீண்டும் திறக்கப்பட்டது. அதே 2003இல்தான் இன்னொரு பக்கம் ஃபேரர் பார்க் நீச்சல் வளாகம் மூடப்பட்டது. 1957 முதல் எத்தனையோ பிள்ளைகள் சில காசுகளுக்கு நீச்சல் கற்றுக்கொண்ட குளம் அது.

இந்தக் கதையெல்லாம் எதற்கு என்றால், ஒரு காரணம் உண்டு. இந்த வட்டாரத்தின் திடல்களும் கேளிக்கை இடங்களும் ஒருநாளும் இங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும் உரியவையாக இருந்ததில்லை. கிரேத்தாவிலிருந்து வந்தார்கள், செம்பவாங்கிலிருந்து வந்தார்கள், ஜோகூரிலிருந்து வந்தார்கள். கப்பலில் வந்து இறங்கியவர்களும் வந்தார்கள். இன்று பாட்டியாக இருப்பவரின் அப்பா ஒருவேளை துறைமுகத்தில் வேலை முடிந்து நியூ வோர்ல்ட் வாசலில் நின்ற இளைஞராக இருந்திருக்கலாம். வெளியூர்க்காரர் வந்து கூடுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. கூடுவதற்கான இடம் சுருங்கிவிட்டதுதான் புதிது.

மீன் உருண்டைக் குச்சியின் கதை

இப்போது குறைகளுக்கு வருவோம். குடியிருப்பாளர்கள் சொல்லும் குறைகள் பொய்யல்ல. அதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மின்தூக்கி வாசலில் சிறுநீர் நாற்றம் அடித்தால் யாருக்குத்தான் கோபம் வராது? காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போகும்போது ஊஞ்சலுக்கடியில் உடைந்த பாட்டில் கிடந்தால் தாய்க்குப் பதறாதா? நடைபாதை விளக்கு எரியவில்லை, இருக்கை உடைந்திருக்கிறது, உடற்பயிற்சிக் கருவியின் மிதி சுற்றவில்லை, இரவு பதினொரு மணிக்குக் கீழ்த்தளத்தில் பந்து சுவரில் மோதும் சத்தம் கேட்கிறது. இவையெல்லாம் சின்ன விஷயங்கள் என்று அதே புளோக்கில் குடியிருக்காதவர்தான் சொல்வார்.

இருந்தும் எத்தனையோ குறைகள் தீராமல் கிடக்கின்றன. ஏன்? இதற்குப் பதில் 2014ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணியில் கிடைத்தது. அன்றைய பிரதமர் லீ சியன் லூங் ஒரு மீன் உருண்டைக் குச்சியின் கதையைச் சொன்னார். புக்கிட் கோம்பாக் பக்கம் ஒரு நடைபாதை. அதில் யாரோ மீன் உருண்டை சாப்பிட்டுவிட்டுப் போட்ட குச்சி கிடக்கிறது. எடுத்துப்போட ஆளில்லை. காரணம், இடப்பக்கச் சரிவு தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பு. நடுவில் உள்ள வடிகால் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் பொறுப்பு. வலப்பக்கம், சாலையோர நடைபாதை நகர மன்றத்தின் பொறுப்பு. ஒரு குச்சிக்கு மூன்று வீட்டுக்காரர்கள். ஆனால் குச்சி அங்கேயேதான் கிடந்தது. அரங்கம் சிரித்தது. ஆனால் சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த அனுபவம் இருந்திருக்கும்.

ஜாலான் புசாரிலும் இதே கதைதான். புளோக்கின் கீழ்த்தளம், விளையாட்டுத் திடல், உடற்பயிற்சி மூலை எல்லாம் நகர மன்றத்தின் கையில். சாலையோர மரம் தேசியப் பூங்காக் கழகத்தின் கையில். சாலை விளக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கையில். இன்னும் கட்டடம் எழும்பாமல் கிடக்கும் அரசாங்க நிலமாக இருந்தால் சிங்கப்பூர் நில ஆணையம். நீச்சல் குளமும் விளையாட்டரங்கமும் என்றால் ஸ்போர்ட் சிங்கப்பூர். புல்வெளியில் ஒரு அடி இப்படி வைத்தால் ஓர் அலுவலகம், ஒரு அடி அப்படி வைத்தால் வேறோர் அலுவலகம். பாட்டி யாரிடம் போவார்?

இதைத் தீர்க்கத்தான் 2014இல் நகராட்சிச் சேவைகள் அலுவலகம் அமைக்கப்பட்டது. 2015 ஜனவரியில் 'ஒன்சர்வீஸ்' செயலி வந்தது. யார் பொறுப்பு என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். குறையைப் பதிவு செய்யுங்கள், உரிய இடத்துக்கு அனுப்புவது எங்கள் வேலை என்பதுதான் அதன் ஏற்பாடு. செயலியைப் பயன்படுத்தத் தெரியாத பாட்டிக்குப் பேரப்பிள்ளை பதிவு செய்து கொடுக்கலாம். ஞாயிறன்று வீட்டுக்கு வரும் பேரனுக்கு இது ஐந்து நிமிட வேலை.

ஆனால் குறையைச் சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. 'பூங்கா ரொம்ப மோசம், யாரும் கவனிக்கிறதில்லை' என்று எழுதினால் அது பெருமூச்சு. அதை வைத்துக்கொண்டு அலுவலகத்தில் இருப்பவர் என்ன செய்வார்? 'இந்தப் புளோக், இந்த மின்தூக்கிக்குப் பக்கத்து விளக்கு, மூன்று நாளாக எரியவில்லை, இதோ படம்' என்று எழுதினால் அது வேலை. மறுநாள் ஏணியோடு ஆள் வருவார். எங்கே, எப்போது, என்ன, எதைச் செய்ய வேண்டும் என்ற நான்கும் இருந்தால் குறைக்குக் கால் முளைத்துவிடும்.

பொருளைப் பற்றிய குறை, மனிதரைப் பற்றிய குறை

இதுவரை யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. இனிமேல்தான் கொஞ்சம் சிக்கலான இடம்.

குறைகளைக் கூர்ந்து கவனித்தால் அவை இரண்டு வகை என்பது தெரியும். ஒன்று, பொருளைப் பற்றியது. விளக்கு எரியவில்லை, தொட்டி நிரம்பி வழிகிறது, கழிவறை இல்லை. இதற்கு மருந்து, இல்லாததைக் கொண்டுவருவது. மற்றொன்று, மனிதரைப் பற்றியது. இவர்கள் ஏன் இங்கே உட்கார்கிறார்கள், இவர்கள் ஏன் இந்த வழியாக வருகிறார்கள் என்பது. இதற்குக் கேட்கப்படும் மருந்து, இருப்பவரை அப்புறப்படுத்துவது. முதல் குறை தீர்ந்தால் எல்லாருக்கும் லாபம். இரண்டாவது குறை தீர்ந்தாலும் குறை தீர்வதில்லை. அது வேறொருவர் வாசலுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

2008ஆம் ஆண்டு சிராங்கூன் கார்டன்ஸ் வட்டாரத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். காலியாக இருந்த பழைய பள்ளிக் கட்டடத்தை வெளிநாட்டு ஊழியர் விடுதியாக்கும் யோசனை வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் எதிர்த்து மனுவில் கையெழுத்திட்டன. கடைசியில் விடுதி வந்தது. ஆனால் திட்டமிட்டதைவிடச் சிறியதாக வந்தது. ஊழியர்கள் குடியிருப்புச் சாலைகள் வழியாக வராதபடி அதற்கென்று தனிப் பாதையும் போடப்பட்டது.

அடுத்து, 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு. ரேஸ்கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷயர் ரோடும் சந்திக்கும் இடம். விடுதிக்குத் திரும்பும் பேருந்தில் அடிபட்டு ஓர் இந்திய ஊழியர் இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. சிங்கப்பூர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காணாத காட்சி. பேருந்தும் காவல்துறை, குடிமைத் தற்காப்பு வாகனங்களும் சேதமடைந்தன. அந்த இரவுக்குப் பிறகு லிட்டில் இந்தியாவின் ஞாயிற்றுக்கிழமையே மாறிவிட்டது.

விசாரணைக் குழுவின் அறிக்கை 2014 ஜூன் மாத இறுதியில் வெளிவந்தது. மது ஒரு காரணம் என்று குழு சொன்னது. அதன் தொடர்ச்சியாக 2015 ஏப்ரல் முதல் புதிய மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது. தீவு முழுவதும் இரவு பத்தரை முதல் காலை ஏழு வரை பொது இடத்தில் மது அருந்தத் தடை. லிட்டில் இந்தியாவில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. சனிக்கிழமை காலை ஏழு முதல் திங்கட்கிழமை காலை ஏழு வரை பொது இடத்தில் குடிக்கக்கூடாது. அதோடு, கூட்டம் கூடும் இடங்களில் விளக்கும் கண்காணிப்புக் கேமராவும் வேண்டும் என்றும், ஊழியர்களுக்கான வசதிகள் மற்ற இடங்களிலும் பெருக வேண்டும் என்றும் குழு பரிந்துரை செய்தது. கவனியுங்கள், இவையெல்லாம் பொருளைப் பற்றிய, நடத்தையைப் பற்றிய யோசனைகள். மனிதரே வரக்கூடாது என்று அந்தக் குழு சொல்லவில்லை.

2016 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் ஜாலான் புசார் குழுத்தொகுதி உறுப்பினர் டெனிஸ் புவா இந்த விஷயத்தை மறுபடியும் எழுப்பினார். லிட்டில் இந்தியாவில் பெருங்கூட்டம் கூடுவதைப் பற்றிப் பேசும்போது, அதை வெடிக்கக் காத்திருக்கும் குண்டுக்கு ஒப்பிட்டார். குடியிருப்புப் பகுதியின் பொது இடங்களை வேலியிட்டுப் பாதுகாக்கலாம் என்றும், விடுதிகளுக்குப் பக்கத்திலேயே பொழுதுபோக்கு வசதிகளைப் பெருக்கலாம் என்றும் யோசனை சொன்னார். அவருடைய சொற்கள் பலரைப் புண்படுத்தின. பின்னர் அந்தச் சொற்களுக்காக அவர் மன்னிப்பும் கேட்டார்.

அவரை மட்டும் குறை சொல்லி முடித்துவிடுவது சுலபம். அது நியாயமாகாது. அவர் எழுப்பியது தொகுதி மக்களின் குரலை. அந்தப் பாட்டியின் தயக்கமும் அதில் இருந்தது. சொல் தவறிப் போனது, ஆனால் தயக்கம் உண்மையானது. ஆகவே கேள்வி இதுதான்: வேலி போட்டால் பாட்டி கீழே இறங்கி வருவாரா?

வேலி என்ன செய்யும்?

வேலி எப்படிப்பட்டது என்று ஓர் எடுத்துக்காட்டு. 2016ஆம் ஆண்டிலேயே குவீன்ஸ்டவுனில் மெய் லிங் ஸ்திரீட்டில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் இரும்புத் தடுப்புகள் வைக்கப்பட்டன. வெளிநாட்டு ஊழியர்களுக்காக அல்ல. பந்து விளையாடும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்காக. சத்தம், பந்து மேலே படுகிறது என்று குறைகள் வந்திருந்தன. தடுப்பைப் பார்த்ததும் ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. 'எங்கள் பிள்ளைப் பருவமே கீழ்த்தளத்தில்தானே போனது' என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பிறகு தடுப்புகள் எடுக்கப்பட்டன.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. வேலிக்கு யார் வேண்டியவர், யார் வேண்டாதவர் என்று தெரியாது. இன்று தம்பியைத் தடுக்கப் போட்ட வேலி நாளை பேரனையும் தடுக்கும். சக்கர நாற்காலியில் வரும் தாத்தாவுக்குச் சுற்று வழியாகும். வேலி போட்ட இடத்தில் ஆள் நடமாட்டம் குறையும். நடமாட்டம் குறைந்த இடத்தில் பயம் கூடும். பயம் கூடினால் பாட்டி இன்னும் வரமாட்டார்.

இது சிங்கப்பூருக்கு மட்டுமான பிரச்சினையும் அல்ல. ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதிக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமையன்று பிலிப்பீன்ஸ் பணிப்பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையிலும் சதுக்கத்திலும் அட்டைப்பெட்டியை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். அங்குள்ள சேட்டர் ரோடு 1980களில் ஞாயிறன்று வாகனங்களுக்கு மூடப்பட்டது. 1990களின் தொடக்கத்தில், இந்தக் கூட்டத்தால் வியாபாரம் கெடுகிறது, சாலையைத் திறந்துவிடுங்கள் என்று கடைக்காரர்கள் கேட்டார்கள். பணிப்பெண்களை நிலத்தடி வாகன நிறுத்துமிடத்துக்கு அனுப்பலாம் என்றுகூட யோசனை வந்தது. வெயிலைப் பார்க்க ஒரு நாள் கிடைத்தவரை நிலத்தடிக்கு அனுப்பும் யோசனை! பெரிய விவாதம் நடந்தது. பெண்கள் அங்கேயேதான் இன்றும் ஞாயிறன்று கூடுகிறார்கள்.

சிங்கப்பூரில் மனிதவள அமைச்சு வெளிநாட்டு ஊழியர்களுக்கென்று பெஞ்சுரு, சூன் லீ, துவாஸ் சவுத் போன்ற இடங்களில் பொழுதுபோக்கு நிலையங்களை அமைத்திருக்கிறது. திடல் உண்டு, கடை உண்டு, பணம் அனுப்பும் வசதி உண்டு. நல்ல ஏற்பாடு. கூட்டத்தின் ஒரு பகுதியை அவை தாங்கிக்கொள்கின்றன. ஆனால் வீரமாகாளியம்மன் கோயில் அங்கே இல்லை. ஊர்க்காரனைச் சந்திக்கும் தெருமுனை அங்கே இல்லை. வாழையிலைச் சாப்பாட்டுக்கும் மல்லிகைப்பூ வாசத்துக்கும் மனிதர் தேக்காவுக்குத்தான் வருவார். நாமும் அதற்காகத்தானே தேக்காவுக்குப் போகிறோம்?

கூட்டமில்லாத ஞாயிற்றுக்கிழமை

கூட்டமே இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்பதையும் இந்த வட்டாரம் ஒருமுறை பார்த்துவிட்டது. 2020 ஏப்ரலில் கிருமிப் பரவலால் விடுதிகள் மூடப்பட்டன. ஊழியர்கள் மாதக்கணக்கில் வெளியே வர முடியவில்லை. புல்வெளி வெறிச்சோடியது. குப்பை இல்லை, சத்தம் இல்லை, வரிசை இல்லை. குறை சொன்னவர்கள் கேட்டதெல்லாம் கிடைத்த மாதிரிதான்.

ஆனால் தேக்காக் கடைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். மளிகைக் கடை, பணம் அனுப்பும் கடை, உணவகம், கைத்தொலைபேசிக் கடை என்று எல்லாரும் அந்த ஞாயிற்றுக்கிழமையை நம்பிப் பிழைத்தவர்கள். கூட்டம் எப்போது திரும்பும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2021 செப்டம்பரில் தடுப்பூசி போட்ட ஊழியர்கள் வாரத்துக்கு 500 பேர் வரை லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங் சிராய்க்கும் சில மணி நேரம் வந்துபோகச் சோதனை முறையில் அனுமதி கிடைத்தது. ஒன்றரை ஆண்டு கழித்துக் கோயில் வாசலில் நின்று கும்பிட்ட அந்த இளைஞர்களைப் பார்த்தவர்களுக்கு, பூங்கா என்றால் என்ன, வெளிக்காற்று என்றால் என்ன என்பது தனியாக விளக்கத் தேவையில்லை. வீட்டுக்குள் அடைந்து கிடந்த பாட்டிக்கும் அது அப்போது புரிந்திருக்கும். அந்த மாதங்களில் எல்லாருமே சன்னலோரம் நின்றவர்கள்தான்.

கேட்க வேண்டியதைக் கேளுங்கள்

சரி, என்னதான் செய்வது? பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. குறையைச் சொல்லாதே என்று சொல்வதும் தவறு. இன்னும் அதிகமாகச் சொல்லுங்கள். ஆனால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்.

மின்தூக்கி வாசலில் சிறுநீர் நாற்றமா? பக்கத்தில் எத்தனை பொதுக் கழிவறை இருக்கிறது, ஞாயிறு இரவு எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்று கேளுங்கள். ஆயிரக்கணக்கானோர் கூடும் இடத்தில் நாலைந்து கழிவறை போதுமா என்று கேளுங்கள். புல்வெளியில் பொட்டலக் காகிதமா? தொட்டி எத்தனை, ஞாயிறு மாலை எத்தனை தடவை காலி செய்கிறார்கள் என்று கேளுங்கள். நடைபாதையில் உட்கார்கிறார்களா? உட்கார இருக்கை போடுங்கள் என்று கேளுங்கள். பாட்டிக்கு இருட்டில் நடக்கப் பயமா? விளக்கு கேளுங்கள். விளக்கு எரிந்தால் பாட்டிக்கும் துணை, தம்பிக்கும் துணை.

நேரத்தைப் பகிர்ந்துகொள்வதும் ஒரு வழி. இரவுச் சத்தத்தைப் பற்றி 2022இல் அமைக்கப்பட்ட சமூக ஆலோசனைக் குழு, அமைதி நேரத்தை இரவு பத்து முதல் காலை எட்டு வரை என்று நீட்டிக்கப் பரிந்துரைத்தது. முன்பு பத்தரை முதல் ஏழு வரைதான். இது தேக்காவில் உட்காருபவருக்கும் பொருந்தும், கீழ்த்தளத்தில் பந்து அடிக்கும் நம் பிள்ளைக்கும் பொருந்தும். எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வைத்தால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

குடியிருப்பாளர்களின் கையில் இன்னொரு கருவியும் இருக்கிறது. 2007இல் அறிமுகமான அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டத்தில், தகுதி பெற்ற வீட்டுக்காரர்களில் 75 விழுக்காட்டினர் ஆதரித்தால்தான் வேலை தொடங்கும். எங்கே நிழற்கூரை, எங்கே உடற்பயிற்சி மூலை, எங்கே விளையாட்டிடம் என்று கருத்துக் கேட்பார்கள். அந்தக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? போகாமல் இருந்துவிட்டு, வேலை முடிந்த பிறகு 'இதை ஏன் இங்கே வைத்தார்கள்?' என்று கேட்பதில் பயனில்லை. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும்.

பெரிய விஷயத்துக்கும் இது பொருந்தும். ஃபேரர் பார்க் திடல் பகுதியில் ஏறக்குறைய 1,600 வீடுகள் கட்டும் திட்டம் 2021இல் அறிவிக்கப்பட்டது. விளையாட்டு வசதிகளையும் அதோடு சேர்த்து அமைப்பதாகச் சொல்லப்பட்டது. திடலையும் பழைய நீச்சல் வளாகத்தையும் காப்பாற்ற வேண்டும் என்று பலர் குரல் கொடுத்தார்கள். வீடும் வேண்டும், திடலும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் சின்னத் தீவு இது. புதிய வீடுகளில் ஆயிரக்கணக்கானோர் குடியேறும்போது இருக்கும் திடலுக்கு நெருக்கம் இன்னும் கூடத்தான் செய்யும். அப்போது புதிதாக வந்தவரைப் பழையவர் 'இவர்கள் ஏன் இங்கே உட்கார்கிறார்கள்' என்று கேட்கப் போகிறாரா?

புல்வெளியில் உட்காரும் தம்பிகளுக்கும் ஒரு சொல். இந்தப் பேச்சை விடுதியில் கேட்டுக்கொண்டிருப்பீர்கள், நாளிதழில் படித்துக்கொண்டிருப்பீர்கள். எதிர்ப் புளோக்கில் விளக்கு எரிகிறது என்றால் அங்கே ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் நாளைக் காலை ஆறு மணிக்குப் பள்ளிக்குக் கிளம்ப வேண்டிய பிள்ளை தூங்குகிறது. சாப்பிட்ட பொட்டலத்தைப் பையில் கட்டித் தொட்டியில் போட இரண்டு நிமிடம் போதும். தொட்டி நிரம்பியிருந்தால் கையோடு எடுத்துப் போய் அடுத்த தொட்டியில் போடுங்கள். பிள்ளைகளின் ஊஞ்சலையும் பெரியவர்களின் உடற்பயிற்சிக் கருவியையும் அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். ஊரில் உங்கள் தாய் நடக்கும் தெருவை எப்படி வைத்திருக்க விரும்புவீர்களோ, அப்படி வைத்திருங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குப்பை போடுபவரைக் கண்டால் சன்னலிலிருந்து படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்புவதற்கு முன், ஒருமுறை கீழே இறங்கிப் பாருங்கள். 'தம்பி, அந்தப் பையைத் தொட்டியில போட்டுடுப்பா' என்று சொல்லிப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் 'சரிங்கம்மா' என்று எழுந்து போவார்கள். மீதி இரண்டு பேருக்குத்தான் சட்டம் இருக்கிறது, அபராதம் இருக்கிறது, ரோந்து இருக்கிறது. எட்டுப் பேருக்கு ஒரு சொல் போதுமென்றால், இரண்டு பேருக்காகப் பத்துப் பேருக்கும் வேலி போடுவது என்ன நியாயம்?

அந்தப் பாட்டியிடமே திரும்ப வருவோம். ஐந்தாம் மாடி சன்னலிலிருந்து பார்த்தால் கீழே தெரிவது கூட்டம். மின்தூக்கியில் இறங்கி, விளக்கு எரியும் நடைபாதையில் நாலு அடி நடந்து, உடற்பயிற்சி மூலையில் போய் நின்றால் தெரிவது முகங்கள். அவற்றில் ஒரு முகம், 'எந்த ஊர்ங்கம்மா உங்களுக்கு?' என்று கேட்கலாம். பாட்டி தன் தகப்பனார் பிறந்த ஊரைச் சொல்லலாம். 'அட, எங்க ஊருக்குப் பக்கத்து ஊருங்கம்மா' என்று பதில் வரலாம்.

அந்த நாலு அடி தூரத்துக்குத்தான் விளக்கு வேண்டும். அடுத்த முறை குறையைப் பதிவு செய்யும்போது, எழுதியதை அனுப்புவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பாருங்கள். அதில் விளக்கைக் கேட்டிருக்கிறீர்களா, வேலியைக் கேட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். விளக்கு என்றால் உடனே அனுப்பிவிடுங்கள்.